கோடு நேராகத் தெரிந்தால்

துரத்திவிட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டுப் பேசுவதானால் பேசலாம், இல்லையென்றால் அவரவர் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள். என் மருமகளைக் கண்ணாடிப் பட்டறையிலிருந்து எவனும் துரத்தவில்லை. அவளாகத்தான் வெளியே வந்தாள். அந்த அறையில் நான் நின்றுகொண்டிருந்தேன். கீழ்வீட்டுத் தையல்காரி அங்கே நிற்கவில்லை. ஆனால் கதை என்னவோ அவளிடம்தான் முழுசாக இருக்கிறது.

அவள் சொல்வது இது: மருமகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடியைத் திருடினாள், பிடிபட்டாள், காலில் விழுந்து கெஞ்சியதால் போலீசுக்குப் போகாமல் விட்டார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது இதைச் சொல்லியிருக்கிறாள், துணியைவிட வேகமாகக் கதை காய்ந்து பறந்துவிட்டது. இவள் ஒரு சட்டை தைத்தால் ஒரு கை முழங்கையோடு நிற்கும், இன்னொரு கை விரலை மூடும். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவில் இருப்பவர்களின் யோக்கியதையை அளக்க வந்துவிட்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் பட்டறை வேன் எங்கள் வாசலில் நின்றது உண்மைதான். இரண்டு ஆட்கள் இறங்கி வந்து பீரோவைத் திறந்தார்கள், கட்டிலைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தன் மாவு டின்னுக்குள் கையை விட்டு முழங்கை வரை வெள்ளையாக வெளியே எடுத்தான். தெருவே நின்று பார்த்தது. கண்ணாடி கிடைக்கவில்லை. என் மகன் மூன்று வருடத்துக்கு முன்னால் பஸ்ஸில் யாரோ அடித்துவிட்டதாகச் சொன்ன கைக்கடிகாரம் கிடைத்தது, அது வேறு சண்டை. தெரு பார்த்தது அவ்வளவுதான். திங்கட்கிழமை நடந்ததைப் பார்த்தவர்கள் மொத்தமே ஐந்து பேர். அதில் மூன்று பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். நாலாவது ஆள் என் மருமகள். அவளுக்குத் தன்னைப் பற்றிப் பேசுவது மருந்து குடிக்கிற மாதிரி. மிச்சம் நான்.

அவளுக்குப் பதினெட்டு வயதில் கிடைத்த முதல் வேலை ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில். கழுவிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும், பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எரியும். விரிசல் விட்டதையும், அடியில் சிகரெட் துண்டு ஒட்டியதையும் பார்த்துப் பார்த்து எடுத்து வெளியே வைக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிவிடுவார்களாம், இல்லையென்றால் கண் திறந்தபடியே தூங்கிவிடுமாம். இவள் மட்டும் ஒரு மணி நேரம் உட்காருவாள். எப்படி என்று கேட்டதற்கு, பாட்டிலைப் பார்த்தால்தான் தூக்கம் வரும், நான் வெளிச்சத்தைப் பார்க்கிறேன் என்றாள். கோளாறு இருக்கிற இடத்தில் வெளிச்சம் கால் தடுக்கிய மாதிரி ஒரு துள்ளு துள்ளும், அதைப் பிடித்தால் போதுமாம்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டியவன் என் மகன். ஒருநாள் இவள் ஏறும்போது, வைப்பருக்குக் கீழே விரிசல் ஆரம்பிக்குது, பாத்துக்கங்க என்று சொல்லியிருக்கிறாள். அவன் இறங்கிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. பெண்பிள்ளை நம்மிடம் பேச்சு வளர்க்கிறாள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது விரிசல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. கண்ணாடி போனதற்குக் கம்பெனி அவனைத் திட்டியது. வீட்டுக்கு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றான்.

எனக்குச் சம்மதம் இல்லை. அவனைவிட ஒரு ஜாண் உயரம், ஒரு வயது மூப்பு. போதாததற்கு, முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தவள் என் கண்ணாடி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துவிட்டு, "இதுல குடிக்காதீங்க அத்தை, அடியில விரிசல் விட்டிருக்கு" என்றாள். நான் பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் குடித்துவரும் டம்ளர் அது. அவள் எதிரிலேயே அதில் நிறைய ஊற்றிக் குடித்தேன். ஒரு மாதம் கழித்து, கழுவும்போது அடிப்பாகம் தனியாகக் கழன்று கையில் வந்தது. பூனை தட்டிவிட்டது என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அவள் ஒன்றும் சொல்லாமல் துண்டுகளைப் பொறுக்கித் தாளில் சுற்றிப் போட்டாள். அன்றுதான் எனக்கு அவளைப் பிடிக்க ஆரம்பித்தது, ஆனால் அதை இரண்டு வருடம் வெளியே காட்டவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணாடிப் பட்டறை வேலை கிடைத்தது. தொலைநோக்கிக்கும் நிலம் அளக்கிற கருவிக்கும் வில்லை தேய்த்துக் கொடுக்கும் இடம். கண்ணாடி அங்கே கட்டியாகத்தான் வரும். மேல்தோல் கற்கண்டு மாதிரி சொரசொரப்பாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று கடவுள் வந்தாலும் தெரியாது. உள்ளே குமிழ் இருக்கலாம். உருக்கும்போது சரியாகக் கலக்காமல் போன கோடுகள் இருக்கலாம், அதற்கு அவர்கள் பேச்சில் நூல் என்று பெயர். அது தெரியாமல் ஆறு வாரம் உட்கார்ந்து தேய்த்துவிட்டால், அந்த வில்லை வழியாகப் பார்க்கிறவனுக்கு நிலா நெளியும். அதனால் தேய்ப்பதற்கு முன்னால் உள்ளே பார்க்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலைதான் இவளுக்கு.

பார்ப்பதற்கு ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி அளவு, நாலு பக்கமும் அடியும் கண்ணாடி. நிறைய எண்ணெய். சமையல் எண்ணெய் இல்லை, மூக்கைத் துளைக்கிற ஏதோ ஒன்று, விலையைக் கேட்டால் மூக்கு தானாக அடைத்துக்கொள்ளும். தொட்டிக்குக் கீழே கோடு போட்ட தாள், அதற்கும் கீழே விளக்கு. சொரசொரப்பான கட்டியை இடுக்கியால் பிடித்து அந்த எண்ணெயில் இறக்கினால் கட்டி காணாமல் போய்விடும். நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மங்கலாகாது, கரையாது, காணாமல் போகும். உள்ளே இருக்கிற குமிழும் நூலும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். நூல் இருக்கிற இடத்தில் தாளில் உள்ள கோடு நெளியும். கோடு நேராகத் தெரிந்தால் நல்ல கண்ணாடி.

இது என்ன கண்கட்டு வித்தை என்று ஒருநாள் நான் மல்லுக்கு நின்றேன். அவள் என் மகனை வைத்தே விளக்கினாள். வெளிச்சம் காற்றில் ஓடுகிற வேகத்தில் கண்ணாடிக்குள் ஓடாது. உள்ளே நுழைந்ததும் நடை குறையும், வெளியே வந்ததும் பழைய வேகம் வந்துவிடும். நுழைகிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சம் உள்ளே போகாமல் திரும்பியும் வந்துவிடும். சாய்வாக நுழைந்தால் பாதையும் திரும்பும். இந்தத் திரும்பலையெல்லாம் பார்த்துத்தான் நம் கண், அட, இங்கே கண்ணாடி இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. "அவரு கியர் மாத்தினாதானே அத்தை பஸ்ல தூங்கறவங்களுக்கு முழிப்பு வரும்? ஒரே கியர்ல போனா ரோடு மாறினதே தெரியாம போய்ட்டே இருப்பாங்க இல்ல?" என்றாள். அந்தக் கண்ணாடிக்குள் வெளிச்சத்துக்கு என்ன நடையோ அதே நடைதான் அந்த எண்ணெய்க்குள்ளும். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கலக்கி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே ஆரம்பித்தது என்று வெளிச்சத்துக்கே தெரியாது. அதற்கே தெரியாதபோது நமக்கு எங்கிருந்து தெரியும்?

அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. எண்ணெய் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும். அதற்காகத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹீட்டர், உள்ளே ஒரு தெர்மாமீட்டர், அதில் சிவப்புக் கோடு. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் சிவப்புக் கோடு தெரியும். எண்ணெய் ஆறினால் வெளிச்சத்தின் நடை அதில் இன்னும் தளர்ந்துபோகும். கண்ணாடி அவ்வளவு சுலபத்தில் மாறாது. இரண்டின் நடையும் பொருந்தாது.

இப்படி ஏழு வருடம் அவள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன வேலை என்று தெருவில் கேட்டவர்களிடம் நான்தான், "ஒண்ணுமில்லாததைப் பாக்கறதுக்குச் சம்பளம் தராங்க" என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து அவளுக்குச் சும்மாக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபப்படவில்லை. ஹோட்டலில் தண்ணீர் டம்ளரை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள், கூடப் போகிற எங்களுக்குத்தான் மானம் போகும். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். ஒருமுறை நானும் அவளும் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, அவனைக் கட்டிக்கொண்டது தப்பு என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "உங்க பையனுக்குள்ள ரெண்டு குமிழ் இருக்கு அத்தை. ஆனா ஓரத்துலதான் இருக்கு, பரவால்ல" என்றாள். பெற்றவளாகிய எனக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் குறைவாகத்தான் பட்டது.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கிருந்தோ ஒரு பெரிய கட்டி வந்திருந்தது. வட்டமாக, தட்டு அளவு, மூன்று விரல் தடிமன். ஆறு மாதம் காத்திருந்து வாங்கியதாம். அதில் தேய்க்கும் வில்லையை வாங்கப்போகிற ஆள் அடுத்த வாரம் நேரில் வருவதாக இருந்தான். சாயங்காலம் நாலு மணிக்கு என் மருமகள் அந்தக் கட்டியைத் தொட்டியில் இறக்கினாள். அந்த நேரம் பார்த்து நான் போன் செய்தேன்.

காரணம் குக்கர். அடுப்பை அணைத்து எவ்வளவு நேரமாகியும் மூடி திறக்கவில்லை, உள்ளே புஸ் புஸ் என்று சத்தம். வெடிக்கப்போகிறது, நான் போய்ச் சேர்ந்துவிட்டால் அலமாரிச் சாவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். அவள் ஓடி வந்துவிட்டாள். ஒரு கரண்டிக் காம்பால் குக்கர் வெயிட்டை லேசாகத் தூக்கினாள், ஆவி போனது, மூடி தானாகத் திறந்தது. நேரமும் ஆகிவிட்டதால் திரும்பிப் போகவில்லை. பட்டறைக்குப் போன் செய்து சொன்னாள். அங்கே மேற்பார்வை பார்ப்பவன் முதலாளியின் மச்சான். அவன் இடுக்கியை எடுத்துக் கொக்கியில் மாட்டி, தொட்டியை மூடி வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை காலையில், மரப்பெட்டியில் கட்டி இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாகப் பள்ளம் மட்டும் இருந்தது.

தேடினார்கள். மச்சான் தொட்டியையும் எட்டிப் பார்த்தான். கோடெல்லாம் நேராக இருந்தது, தொட்டி காலி என்றான். அதில் அவனை நான் குறை சொல்ல மாட்டேன், வேறு எத்தனையோ விஷயங்களில் குறை சொல்லலாம். ஏனென்றால் என் மருமகளும் எட்டிப் பார்த்தாள், அவளுக்கும் காலியாகத்தான் தெரிந்தது. அவள் தேடுவது கண்ணாடியை இல்லை, அதற்குள் இருக்கிற குறையை. ஏழு வருடத்தில் ஒரு குமிழோ ஒரு நூலோ இல்லாத கட்டி அவள் கைக்கு வந்ததே இல்லை. தொட்டியில் குறை ஒன்றும் மிதக்கவில்லை என்றால் தொட்டியில் கண்ணாடி இல்லை. நல்ல கண்ணாடிக்கு என்ன அடையாளமோ அதுவேதான் வெறும் எண்ணெய்க்கும் அடையாளம் என்பது அந்தப் பட்டறையில் ஒருத்தர் புத்திக்கும் எட்டவில்லை. கட்டியை எடுத்துப் பெட்டியில் வைத்ததாக அவளுக்கு ஞாபகம்கூட இருந்தது. ஒரு நாளைக்கு முப்பது தடவை எடுத்து வைக்கிறவளுக்கு எந்தத் தடவையின் ஞாபகம் என்று யார் சொல்வது?

கடைசியாகக் கட்டியைத் தொட்டவள் இவள், வேலை முடியும் முன்னால் ஓடியவளும் இவள். இரண்டையும் கூட்டி முதலாளி திருடி என்று விடை எழுதிவிட்டார். அந்தத் தேடல் முடிகிற வரை வேறு கட்டி எதையும் தொட வேண்டாம் என்று தொட்டியை, ஹீட்டரைக்கூட அணைக்காமல், அப்படியே மூடி வைத்தார்கள். மறுநாள்தான் வேன் வந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் அவளுக்குத் துணிதான் வேலை. காய்ந்த துணியை மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அத்தை, ஒருவேளை நானே எங்கயாவது வெச்சுட்டு மறந்துட்டேனா?" என்று ஒருமுறை கேட்டாள். திருடி என்று பட்டம் கட்டியதைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. வேலை போனால் இன்னொரு வேலை, ஆனால் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தால் அவளிடம் என்ன மிஞ்சும்? என் மகன் முதலாளியை அடிக்கப் போவதாக மூன்று தடவை செருப்பை மாட்டினான், மூன்று தடவையும் யாராவது தடுக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். நாங்கள் தடுக்கவில்லை, அவனாகக் கழற்றி வைத்தான்.

ஞாயிறு பத்து மணி இருக்கும். நான் அடுப்பிலிருந்து சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அத்தை, இது ஏது?"

"எது?"

"கையில போட்டிருக்கீங்களே."

"இது ரொம்ப நாளா நம்ம வீட்டுலதானே இருக்கு" என்றேன்.

மஞ்சள் நிறத்தில் முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை அது. வியாழக்கிழமை அவள் ஓடி வந்தபோது இடது கையில் மாட்டியபடியே வந்து, குக்கரைத் திறக்கும் அவசரத்தில் கழற்றிப் பாத்திரம் கழுவும் இடத்து ஓரத்தில் போட்டிருந்தாள். எவ்வளவு சூடான பாத்திரத்தையும் சொகுசாகத் தூக்கலாம் என்று நான் கழுவிக் கரித்துணிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன். கேட்டால் கொடுக்க வேண்டுமே. வேனில் வந்த ஆட்கள் வீடு முழுக்கக் குடைந்தபோதுகூட நான் இதைக் கையில் மாட்டிக்கொண்டுதான் நின்றேன், ஒருத்தன்கூட என்னைக் கவனிக்கவில்லை. பட்டறைப் பொருள் எங்கள் வீட்டில் இருந்தது என்று பார்த்தால், திருடி நான்தான்.

உண்மையைச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டியைத் தூக்கி, பெட்டியில் வைத்து, துடைத்து, அதற்கப்புறம்தான் கையுறையைக் கழற்றுவது. கையுறை எப்போதும் கடைசி. போன் எடுக்க வலது கையில் இருந்ததை மட்டும் கழற்றினாள். இடது கையுறை வீட்டுக்கு வந்திருக்கிறது என்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். கட்டி தொட்டியிலேயே இருக்கிறது.

"அப்ப குமிழு, நூலு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட இல்ல அத்தை" என்றாள். குரல் தாழ்ந்துபோனது. பெண் பார்க்க வந்தவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

என் மகன் குதித்தான். உடனே போய்க் கையை விட்டு எடுத்து அவன்கள் மூஞ்சியில் காட்டு என்றான். அவள் வேண்டாம் என்றாள். "நான் கைய விட்டு எடுத்தா, வீட்டுலேர்ந்து கொண்டுவந்து போட்டு எடுத்தேம்பாங்க. யாரும் தொடாம அதுவா தெரியணும்."

திங்கட்கிழமை நானும் போனேன். வர வேண்டாம் என்றாள், சாட்சிப் பொருள் என் கையில் இருக்கிறது என்று மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

கண்ணாடி இருக்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று அவள் சொன்னதால் உள்ளே விட்டார்கள். அறையில் முதலாளி, அவருடைய மச்சான், வில்லை தேய்க்கிற பெரியவர் ஒருத்தர், நாங்கள் இரண்டு பேர். தொட்டிக்கு ஓர் அடி தள்ளி எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நின்றோம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை, எனக்கு அது புதிதாக இருந்தது. மச்சானை மூடியைத் திறக்கச் சொன்னாள். முதலாளியை விளக்கைப் போடச் சொன்னாள். அடியில் கோடெல்லாம் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராகத் தெரிந்தது.

"கோடு நேராத்தாம்மா இருக்கு. வெறும் தொட்டியக் காட்டவா வந்தே?" என்றார் முதலாளி.

"ஹீட்டர நிறுத்துங்க சார். ஜன்னலத் தொறந்து விடுங்க. ஆறட்டும்."

வெளியே நல்ல குளிர்காற்று. ஆனாலும் அவ்வளவு எண்ணெய் உடனே ஆறுமா? முதல் முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. முதலாளி தனக்கு மட்டும் டீ வரவழைத்துக் குடித்தார், குடிப்பதற்காகக் கட்டிய கையை அவிழ்த்தபோது என் மருமகள் அவரை ஜன்னல் வரை போய்க் குடிக்கச் சொன்னாள், போனார். எனக்கு ஸ்டூல் போட்டார்கள். தேய்க்கிற பெரியவரும் நானும் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம், அவருக்கு இடது, எனக்கு இரண்டும். மச்சான் கொட்டாவி விட்டான். இந்தக் கூத்து எவ்வளவு நேரம் நடக்கும் என்று முதலாளி கேட்டார். அவளுக்கும் உள்ளே உதறல்தான், பின்னால் கட்டியிருந்த விரல்கள் ஒன்றை ஒன்று பிசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். கண்ணாடி அங்கே இல்லாமல் போனால்? அவள் கணக்கு முழுக்க நான் கைப்பற்றிய ஒரு கையுறை மேல் நின்றது.

தெர்மாமீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே வெகுதூரம் இறங்கிய பிறகு, பெரியவர்தான் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

"அங்க பாருங்க, மூச்சு விட்ட மாதிரி" என்றார்.

தொட்டியின் நடுவே குளிரில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு பட்டது போல ஒரு மங்கல். தூசி என்றான் மச்சான். தூசி என்று சொல்லும்போதே அது அகலமானது. தாளில் இருந்த கோடுகள் ஒரு வளைவு ஓரமாக ஒவ்வொன்றாக ஒடிந்தன. அந்த வளைவு மறுபக்கமும் வந்து சேர்ந்து வட்டமானது, ஓரத்தில் மெல்லிசாக ஒரு நீலம். சொரசொரப்பான மேல்தோல் பனி மாதிரி படிந்து வந்தது. யாரும் தொடவில்லை, யாரும் எதையும் போடவில்லை. காலியாக இருந்த எண்ணெயின் அடியில், எங்கள் கண்ணெதிரே, தட்டு அளவுக் கண்ணாடி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. கியர் சமாசாரம் எல்லாம் தெரிந்துமே எடுத்தது.

மச்சான் கையை நீட்டினான். "கைய எடுங்க" என்றாள் என் மருமகள். எடுத்துவிட்டான். முதலாளியே கொக்கியிலிருந்த இடுக்கியை எடுத்துக் கட்டியைத் தூக்கினார். எண்ணெய் சொட்டச் சொட்ட அதைப் பெட்டியில் இருந்த பள்ளத்தில் வைத்தார், கனகச்சிதமாகப் பொருந்தியது.

 பிறகு முதலாளி சிரித்தார், தப்பிப் பிழைத்த சிரிப்பு. கிடைத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று, நாளையிலிருந்து வேலைக்கு வா, இந்த மாதத்திலிருந்து சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்றார். அவள் நன்றி என்றாள். சனிக்கிழமை வந்த வேன் மறுபடியும் எங்கள் தெருவுக்கு வர வேண்டும், வந்து, கண்ணாடி பட்டறையிலேயே இருந்தது என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்றாள்.

முதலாளி சிரிப்பை நிறுத்தினார். அடுத்த வாரம் அந்த ஆள் வருகிறான், சொந்தத் தொட்டியில் கிடந்த கண்ணாடியை மூன்று நாள் ஊரெல்லாம் தேடினோம் என்று தெரிந்தால் ஒரு வில்லைகூட எங்களை நம்பி வாங்கமாட்டான் என்றார். இந்த அறையில் நடந்தது இந்த அறையோடு இருக்கட்டும் என்று மச்சானையும் பெரியவரையும் பார்த்துச் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அந்த மூன்று பேர் வாய் திறக்காத கதை இதுதான்.

"வெளிய சொன்னா பட்டறை மானம் போயிடும்மா. புரிஞ்சுக்கோ."

"வீட்டுல தேடினப்போ தெருவே பாத்துது சார். கெடச்சது மட்டும் கதவ சாத்திக்கிட்டா?"

"அதான் சம்பளம் கூட்டித் தரேன்னு சொல்றேனே."

நான் வாயைத் திறந்தேன். தம்பி, உன் மாதிரி ஒரு கட்டியை ஏழு எண்ணெயில் முக்கினாலும் மறையாது என்று சொல்ல வந்தேன். அவள் என் கையை, கையுறையோடு சேர்த்து, ஓர் அழுத்து அழுத்தினாள். அடக்கிக்கொண்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

அவள் மேஜைக்குப் போய், சோதித்த கட்டிகளின் விவரம் எழுதுகிற நோட்டைத் திறந்தாள். வியாழக்கிழமைக்கு நேரே இடம் காலியாக இருந்தது. குமிழ் இல்லை, நூல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தாள், அதனால்தான் எனக்குத் தெரியும்.

"சரியாப் பாக்காமலே எழுதறியே" என்றான் மச்சான்.

"மூணு நாள் எல்லாரும் பாத்தோமே. நீங்க பாத்தீங்க, நான் பாத்தேன், சார் பாத்தாரு. ஒருத்தர் கண்ணுலயும் படல. இதுக்கு மேல ஒரு கண்ணாடிய எப்படிப் பாக்கறது? நல்லாத் தேய்ங்க ஐயா" என்று பெரியவரிடம் சொன்னாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வந்ததும் மாட்டியிருந்த பட்டறை மேல்கோட்டைக் கழற்றி மடித்து நாற்காலி மேல் வைத்தாள். என் இடது கையிலிருந்த கையுறையை, நான் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கூடப் பார்த்தேன், உருவி எடுத்து அதன் மேல் வைத்தாள். முதலாளி, எங்கே போகிறாய், இந்த வேலைக்கு வேறு ஆள் எங்கே தேடுவேன் என்றார். நல்ல கேள்விதான், அதை வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கலாம்.  அவள் கோபமாக நடக்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்க நேரம் இருக்கிறவள் நடக்கிற மாதிரி நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

கண்ணாடி கீறிவிடும் என்று உள்ளே செருப்பு போட விடமாட்டார்கள். நான் வாசலில் குனிந்து, என் செருப்பில் ஒன்றை மச்சானுடைய பூட்ஸுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் தெருக்கோடி திரும்பிவிட்டாள்.